திரை ஒளிரும் முன்

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். மின்விசிறி ஒருமுறை சீறிவிட்டு அடங்குகிறது. திரை கறுப்பாகவே இருக்கிறது. ஒரு நொடி, இரண்டு, மூன்று. பிறகு நடுவில் நிறுவனத்தின் சின்னம் தோன்றுகிறது. அதன் கீழே புள்ளிகள் வட்டமிடத் தொடங்குகின்றன. லேப்டாப் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு அது உயிர்பெறுவது அப்போதுதான். எனக்கோ அந்தச் சின்னம் வந்துவிட்டால் வேலையில் முக்கால்வாசி முடிந்த மாதிரி. பதினெட்டு வருடமாக நான் உழைப்பது அந்தக் கறுப்பு நொடிகளுக்குள்தான்.

வீட்டில் எல்லோருக்கும் முன்னால் ஒருவர் எழுந்துவிடுவார். கதவைத் திறந்து, வாசல் தெளித்து, மோட்டார் போட்டு, பால் காய்ச்சி வைத்திருப்பார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும்போது குழாயில் தண்ணீர் வரும், அடுப்பில் காபி கொதிக்கும். லேப்டாப்பிலும் டேப்லெட்டிலும் அந்த வேலையைச் செய்வது ஃபர்ம்வேர். விண்டோஸோ லினக்ஸோ ஆண்ட்ராய்டோ எழுந்து வரும்போது மெமரி தயாராக இருக்க வேண்டும், திரைக்கு மின்சாரம் போயிருக்க வேண்டும், எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் கையில் கிடைக்க வேண்டும்.

இந்தச் சொல்லுக்கு வயது ஏறக்குறைய அறுபது. 1967-ல் ஆஷர் ஓப்ளர் என்பவர் ‘டேட்டாமேஷன்’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. வன்பொருளைப் போல இறுகியதும் இல்லை, மென்பொருளைப் போல நினைத்தபோது மாற்றக்கூடியதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. தமிழில் நிலைப்பொருள் என்கிறார்கள், நல்ல சொல். ஆனால் லேபில் நாங்கள் பேசுவது ஃபர்ம்வேர், பயாஸ், இ.சி. என்றுதான். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து மூடி வைத்துவிட்டோம் என்று நினைக்கும்போதும் அதற்குள் ஒரு சிப் விழித்துக்கொண்டிருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். பெயர் எம்பெடட் கன்ட்ரோலர், எங்கள் பேச்சில் இ.சி. அது தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். 1980-ல் வந்த 8051 வகைக் கருவை இன்னும் சுமக்கும் இ.சி.க்கள் உண்டு. நீங்கள் பட்டனை அழுத்தியதை முதலில் உணர்வது பிராசஸர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிராசஸருக்கு அப்போது மின்சாரமே இல்லை. உணர்வது இ.சி.

இந்தச் சிப்பின் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. விசைப்பலகையின் குறுக்கும் நெடுக்குமான கம்பிகளை வரிசை வரிசையாகத் தடவி, எந்த விசை அமுங்கியிருக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதுதான். மின்விசிறியின் வேகம் அதன் கையில். மூடியின் ஓரத்தில் சிறு காந்தம் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் அதை உணரும் சென்சார். காந்தம் நெருங்கினால் மூடிவிட்டார்கள் என்று இ.சி. முடிவு செய்கிறது. மூடிய லேப்டாப் ஒன்றின் மேல் திறந்த லேப்டாப்பை வைத்து வேலை செய்தால், கீழே இருப்பதன் காந்தத்தைத் தன் மூடி என்று எண்ணி மேலே இருப்பது தூங்கிவிடுவதும் உண்டு. சர்வீஸ் சென்டரில் கொடுத்துத் திரையை மாற்றுமுன் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பட்டன் அமுங்கியதும் இ.சி. செய்யும் முதல் வேலை மின்சாரத்தை வரிசையாகத் திறந்துவிடுவது. போர்டில் 5 வோல்ட், 3.3 வோல்ட், 1.8 வோல்ட், பிராசஸருக்கு 1 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒன்று எனப் பல மின்பாதைகள். ஒன்று நிலைபெற்ற பிறகுதான் அடுத்தது. இடையில் இத்தனை மில்லி நொடி காத்திருக்க வேண்டும் என்று சிப் செய்தவர்கள் அட்டவணை கொடுத்திருப்பார்கள். வரிசை பிசகினால் சில சமயம் எதுவும் ஆகாது, சில சமயம் ஆயிரத்தில் ஒரு போர்டு எழாது. ஆயிரத்தில் ஒன்று என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். பத்து லட்சம் விற்கும் மாடலில் அது ஆயிரம் வீடுகள்.

இப்போதைய யு.எஸ்.பி.-சி சார்ஜர்கள் இந்தக் கதையை இன்னும் சிக்கலாக்கிவிட்டன. பழைய வட்ட முனை சார்ஜர் செருகியவுடன் 19 வோல்ட் கொடுத்துவிடும். யு.எஸ்.பி.-சி அப்படியில்லை. முதலில் 5 வோல்ட் மட்டும் தரும். பிறகு லேப்டாப்பும் சார்ஜரும் ஒரு மெல்லிய கம்பி வழியாகப் பேரம் பேசும்: உன்னிடம் என்னென்ன இருக்கிறது? 5, 9, 15, 20. சரி, 20 கொடு. பேரம் பேசும் அந்தச் சார்ஜருக்குள்ளும் ஒரு ஃபர்ம்வேர் ஓடுகிறது. பேட்டரி அடியோடு தீர்ந்துபோன லேப்டாப்பில் இது ஓர் இக்கட்டு. பேரம் பேச இ.சி. விழிக்க வேண்டும், விழிக்க மின்சாரம் வேண்டும், மின்சாரம் வர பேரம் முடிய வேண்டும். அதனால் செத்த பேட்டரியோடு, வரும் 5 வோல்ட்டை மட்டும் நம்பி, தேவையில்லாத எதையும் எழுப்பாமல் பேரத்தை முடிக்கிற ஒரு பாதையைத் தனியாக எழுதி, தனியாகச் சோதிக்கிறோம். இரண்டு மாதம் அலமாரியில் கிடந்த டேப்லெட்டை சார்ஜரில் போட்டதும் சில நிமிடங்கள் அசைவில்லாமல் கிடந்து பிறகு எழுகிறதே, அப்போது நடப்பது இதற்கு நெருங்கிய ஒன்றுதான்.

மின்சாரம் எல்லாம் நிலைபெற்றதும் பிராசஸர் விடுவிக்கப்படுகிறது. இங்கே ஒரு பழைய வழக்கம் இன்னும் நீடிக்கிறது. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8088 பிராசஸர் தன் முதல் கட்டளையை எடுக்கப் போன முகவரி, 1 எம்.பி. எல்லைக்கு 16 பைட் முன்னால். இன்றைய இன்டெல் பிராசஸர் போவது 4 ஜி.பி. எல்லைக்கு 16 பைட் முன்னால். எல்லை நகர்ந்துவிட்டது, 16 பைட் அப்படியே இருக்கிறது. 16 பைட்டில் என்ன பெரிதாக எழுதிவிட முடியும்? ‘இன்ன இடத்துக்குப் போ’ என்று ஒரு தாவல் கட்டளை எழுதலாம். அதைத்தான் எழுதுகிறோம்.

அந்த ஐ.பி.எம். பி.சி.யின் பயாஸ், அதாவது பிராசஸர் முதலில் ஓட்டும் ஃபர்ம்வேர், முழுவதும் 8 கே.பி.க்குள் அடங்கியது. எழுதியவர்களில் முக்கியமானவர் டேவிட் பிராட்லி. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் மெஷின் மறுபடி தொடங்கும் என்று வைத்தவரும் அவர்தான். இன்று லேப்டாப் பயாஸ் இருக்கும் சிப் 16 எம்.பி. அல்லது 32 எம்.பி. கொள்ளும். இரண்டாயிரம், நாலாயிரம் மடங்கு. அதற்குள் மவுஸ் டிரைவர், நெட்வொர்க், படம் காட்டும் நிரல், கடவுச்சொல் சரிபார்ப்பு என ஒரு சிறிய இயங்குதளமே குடியிருக்கிறது. 2005-ல் பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக்கிய யு.இ.எஃப்.ஐ. என்ற முறைப்படிதான் அது எழுதப்படுகிறது. பயாஸ் என்பது பழகிப்போன பெயர். இதை விற்பனைக்கென்று எழுதும் பெரிய நிறுவனங்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவற்றில் ஒன்று 1985-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். தொடங்கியவர்களில் ஒருவர் சுப்பிரமணியன் சங்கர். சென்னையிலும் அதன் பொறியாளர்கள் பல வருடங்களாக பயாஸ் எழுதிவருகிறார்கள்.

பயாஸ் இருக்கும் அந்தச் சிப்பை நீங்கள் பார்க்க வேண்டும். எட்டுக் கால்கள், பெரிய மிளகு அளவு உடல். அதில் எழுத ஒரு கவ்வி இருக்கிறது. துணி உலர்த்தும் கிளிப் போல எட்டுக் கால்களையும் ஒரே கடியில் பிடித்துக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தக் கவ்வியைத்தான். முதல் காலின் அருகே ஒரு குழிப்புள்ளி இருக்கும். சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். அதற்கும் முன்னால் சிப்பின் மேல் எழுதியிருப்பதை லென்ஸ் வைத்துப் படி. 1.8 வோல்ட் சிப்பா, 3.3 வோல்ட் சிப்பா? பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. 1.8-க்கு 3.3 கொடுத்தால் சத்தமில்லாமல் போய்விடும்.

சரி, முதல் கட்டளை ஓடிவிட்டது. அடுத்த சிக்கல்தான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி: அந்த நேரத்தில் மெமரி கிடையாது.

16 ஜி.பி. ரேம் போர்டில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதனுடன் எப்படிப் பேசுவது என்று பிராசஸருக்கு இன்னும் தெரியாது. நிரல் எழுதுகிற எல்லோரும் மாறிகளையும் ஃபங்ஷன்களையும் கை போன போக்கில் எழுதுவார்கள். அவையெல்லாம் மெமரியில் வைக்கப்படும் என்ற நம்பிக்கையில். இங்கே வைக்க இடம் இல்லை. 1999-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிச் தொடங்கிய லினக்ஸ்பயாஸ் திட்டத்தில் (இன்று அதன் பெயர் கோர்பூட்) இதற்காகவே ஒரு கம்பைலர் எழுதினார்கள். மெமரியைத் தொடாமல், பிராசஸருக்குள் இருக்கும் ஒருசில ரெஜிஸ்டர்களை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு முழு நிரலை ஓட்டும்படி அது மாற்றிக் கொடுத்தது. முதன்முதலில் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு வேறொரு வழி பரவலானது. பிராசஸருக்குள் கேஷ் என்று சிறிய வேகமான நினைவகம் இருக்கிறதல்லவா, அதைப் பூட்டி வைத்துக்கொண்டு சிறிது நேரம் ரேம் போலப் பயன்படுத்துவது. இன்டெல் லேப்டாப்களில் இன்றும் அதுதான். ஏ.எம்.டி. ரைசன் லேப்டாப்களில் கதை வேறு: அதற்குள் இருக்கும் ஒரு சிறிய ஆர்ம் பிராசஸர் முன்னதாக எழுந்து மெமரி வேலையை முடித்துவிட்டுத்தான் பெரியவரை எழுப்புகிறது.

மெமரியுடன் பேசுவதில் அப்படி என்ன கஷ்டம்? டி.டி.ஆர்.4 3200 வகையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 320 கோடி பிட்கள். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 312.5 பிகோ நொடி; ஒரு நொடியை லட்சம் கோடியாக வெட்டினால் கிடைப்பது ஒரு பிகோ நொடி. போர்டின் செப்புப் பாதையில் சைகை ஒரு நானோ நொடியில் சுமார் 15 செ.மீ. போகும். அப்படியானால் ஒரு பிட் என்பது கம்பியின் மேல் நாலரை செ.மீ. சொச்சம் நீளமுள்ள ஒரு வண்டி. அடுத்தடுத்து வண்டிகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இப்படி 64 கம்பிகள். ஒரு கம்பி மற்றதைவிடச் சில மி.மீ. நீளம் கூடினாலே வண்டி தாமதமாகிறது. மெமரிக்குப் பக்கத்தில் போர்டில் பாம்பு நெளிவதுபோலச் செப்புக்கோடுகள் வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். குட்டைக் கம்பிகளை நெளித்து நெட்டைக் கம்பிகளோடு சமன் செய்திருக்கிறார்கள்.

அப்படிச் செய்தாலும் போதாது. ஒவ்வொரு சிப்பும் கொஞ்சம் வேறு மாதிரி, ஒவ்வொரு போர்டும் வேறு. ஆகவே ஒவ்வொரு லேப்டாப்பும் தன் சொந்த மெமரியோடு பேசிப் பழக வேண்டும். இதை நாங்கள் ட்ரெயினிங் என்கிறோம். தெருவில் இரண்டு பேர் கயிறு சுற்ற, மூன்றாவது சிறுமி உள்ளே குதிக்கக் காத்திருப்பாள். ஓடிப்போய்க் குதிக்க மாட்டாள். கயிறு தரையில் தட்டும் தாளத்தைக் கவனித்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, நடுவான ஒரு கணத்தைப் பிடித்து நுழைவாள். ஃபர்ம்வேரும் அப்படித்தான். தெரிந்த ஒரு வரிசையை மெமரியில் எழுதும். படிக்கும் நேரத்தைச் சில பிகோ நொடிகள் தள்ளித் தள்ளிப் படித்துப் பார்க்கும். தப்பு, தப்பு, தப்பு, சரி, சரி, சரி, சரி, தப்பு. சரியான இடங்களின் தொடக்கமும் முடிவும் தெரிந்ததும் நட்டநடுவில் கோடு போடும். பிறகு வோல்ட்டேஜிலும் இதே தேடல். எல்லாவற்றையும் வரைந்தால் படம் ஒரு கண் மாதிரி இருக்கும். கண் அகலமாகத் திறந்திருந்தால் நிம்மதி. ரேமை மாற்றியபின் முதல் தடவை போடும்போது திரை பல நொடிகள், சில மெஷின்களில் ஒரு நிமிடத்துக்கு மேலும் கறுப்பாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். பதறிப்போய் அணைத்துவிடாதீர்கள். கிடைத்த விடைகளை எட்டுக்கால் சிப்பில் சேமித்து வைத்துக்கொள்வதால் அடுத்த தடவை சீக்கிரம் எழும்.

இந்தச் சேமிப்பில்தான் ஒருமுறை நான் பிழை செய்தேன். ஒரு லேப்டாப் மாடல் தொழிற்சாலைக்குப் போக ஆறு வாரம் இருந்தபோது, லேபில் ஒரு தம்பி வந்து சொன்னான்.

“அக்கா, இன்னைக்கும் ஏழாம் நம்பர் போர்டு காலையில முதல் தடவை எழல.”

“அப்புறம்?”

“பட்டனைப் பிடிச்சு அணைச்சுட்டுத் திரும்பப் போட்டேன். நல்லா எழுந்துடுச்சு. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் இல்ல.”

காலையில் மட்டும் சாகும் மெஷின். ஒரு வாரம் அதன் பின்னால் அலைந்தோம். திரையில்லை, மெமரியில்லை, அது எங்கே நின்றது என்று எப்படித் தெரியும்? பயாஸ் ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் குறிப்பிட்ட ஒரு போர்ட்டில் இரண்டு இலக்கக் குறியை எழுதிவிட்டுப் போகும். பழைய ஐ.பி.எம். காலத்து வழக்கம். விற்பனைக்கு வந்த லேப்டாப்பில் அதைக் காட்ட இடம் கிடையாது. அதனால்தான் சில மாடல்களில் கேப்ஸ் லாக் விளக்கு இத்தனை தடவை மினுக்கி நோயைச் சொல்கிறது. லேபில் அந்தக் குறியைக் காட்டும் சிறு அட்டை இருந்தது. காலை எட்டு மணிக்கு நானே வந்து பட்டனை அழுத்தினேன். எண்கள் ஓடி, மெமரிக் கட்டத்தில் நின்றன.

முந்தைய நாள் மாலை கடைசியாக ட்ரெயினிங் நடந்தபோது அந்த போர்டு நாளெல்லாம் சோதனை ஓடி 60 டிகிரிக்கு மேல் சூடேறியிருந்தது. இரவெல்லாம் ஏ.சி. ஓடியதில் காலையில் 20 டிகிரி. சூட்டில் எடுத்த அளவைக் குளிரில் போட்டதும் கோடு கண்ணின் ஓரத்தைத் தாண்டிவிட்டது. ஒருமுறை தோற்றால் அடுத்த முறை பழைய விடைகளை எறிந்துவிட்டு முழு ட்ரெயினிங் செய் என்று நிரலில் இருந்தது. அதனால்தான் இரண்டாம் தடவை எழுந்தது. ஆனால் கோடு நடுவில் இருந்திருந்தால் 40 டிகிரி மாற்றத்தை அது தாங்கியிருக்க வேண்டும். ஏன் நடுவில் இல்லை? இரண்டு மாதத்துக்கு முன், பூட் ஆகும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி நெருக்கடி வந்தபோது, வோல்ட்டேஜ் தேடலில் ஒரு படியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். மாற்றப் பதிவைத் திறந்து பார்த்தேன். என் பெயர் இருந்தது. 300 மில்லி நொடி மிச்சம் பிடித்திருந்தேன்.

அந்தப் படியைத் திரும்பச் சேர்த்தேன். விடைகளோடு வெப்பநிலையையும் சேமித்து, வித்தியாசம் அதிகமானால் புதிதாக ட்ரெயினிங் செய்யும்படி மாற்றினோம். டீமைக் கூட்டி என்ன நடந்தது என்று பெயர் மறைக்காமல் சொன்னேன். சீனியர் என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் நான் தரும் பொருள், தன் பிழையைக் கடைசி பிகோ நொடி வரை பின்தொடர்ந்து போவதுதான். நிரல் நன்றாக எழுதுகிற இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். சர்க்யூட் வரைபடத்தைப் படித்து, ஆசிலாஸ்கோப்பின் முனையைச் சரியான புள்ளியில் வைத்து, ‘இது போர்டின் கோளாறு’ என்று கைகாட்டும் முன் தன் பக்கத்தை முழுவதும் அலசிப் பார்க்கும் பொறுமை வர வருடங்கள் ஆகின்றன.

டேப்லெட்டில் தொடக்கம் இன்னும் கட்டுக்கோப்பானது. முதல் நிரல் பிராசஸர் சிப்புக்குள்ளேயே, தொழிற்சாலையில் பதிக்கப்பட்டுவிடும். பிறகு யாராலும் மாற்ற முடியாது. அது அடுத்த நிரலின் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே அதை ஓட விடும், அடுத்தது அதற்கடுத்ததை. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2019-ல் பார்த்தோம். ஐஃபோன், ஐபேடுகளில் இருந்த ஏ5 முதல் ஏ11 வரையிலான சிப்களில் ‘செக்மேட்’ என்று உச்சரிக்கப்படும் ஒரு பிழை வெளியானது. ஏற்கனவே விற்ற கோடிக்கணக்கான கருவிகளில் அதைத் திருத்த வழியே இல்லை. புதிய சிப்பில்தான் சரிசெய்ய முடிந்தது. சிப்பில் பதிக்கப்படும் முதல் நிரலை எழுதுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கை நடுங்கும்.

தூக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் உறவினர்கள் அதிகம் கேட்பது அதைத்தான்: ‘மூடித்தானே பையில வெச்சேன், ஏன் கொதிக்குது?’ பழைய முறைத் தூக்கத்தில் மெமரி தவிர எல்லாம் அணைந்துவிடும். மெமரியின் ஒவ்வொரு செல்லும் ஓட்டைப் பானை மாதிரி. சாதாரண வெப்பத்தில் 64 மில்லி நொடிக்கு ஒருமுறை நிரப்பாவிட்டால் எழுதியது மறைந்துவிடலாம். அதற்கு மட்டும் மின்சாரம் சொட்டும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது டேப்லெட்டின் பழக்கம் லேப்டாப்புக்கும் வரத் தொடங்கியது. திரை அணைந்தாலும் மெஷின் உண்மையில் தூங்காது, கோழித்தூக்கம் போடும். அந்தத் தூக்கம் ஆழமாக எல்லாக் கருவிகளும் சம்மதிக்க வேண்டும். ஒன்று அடம்பிடித்தாலும் மற்றவை விழித்தே இருக்கும். நான் பார்த்த ஒரு மாடலில் எட்டு மணி நேரத் தூக்கத்தில் 50 வாட்-மணி பேட்டரி 20 வாட்-மணி குறைந்தது. கணக்குப் போட்டால் 2.5 வாட், நிம்மதியாகத் தூங்கும் மெஷின் அதில் பத்தில் ஒரு பங்குதான் குடிக்க வேண்டும். தேடிப் பார்த்தால், யாருமே பயன்படுத்தாத மெமரி கார்டு ரீடரின் இணைப்பு ஓய்வுநிலைக்குப் போகவேயில்லை. பயாஸில் ஒரு பிட் மாற்றினோம்.

ஃபர்ம்வேர் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுவதால், தீய நிரல் எழுதுகிறவர்களுக்கும் அந்த இடத்தின் மேல் கண். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.ஹெச். என்ற வைரஸ் பல நாடுகளில் விழித்து, ஹார்ட் டிஸ்கைக் குலைத்ததோடு சில கம்ப்யூட்டர்களின் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. அந்த மெஷின்கள் பட்டனுக்கு அசையவில்லை. 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் என்னை இன்னும் அதிகம் பாதித்தது. பூட் ஆகும்போது சின்னம் காட்டுகிறோமே, அந்தப் படத்தைத் திறந்து படிக்கும் நிரலில் ஓட்டைகள். வில்லங்கமான ஒரு படத்தை வைத்தால் பயாஸே கைமாறிவிடும். அழகுக்காகச் சேர்த்த ஒன்று. இப்போது இன்னொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது: தொடக்க நிரல்களின் கையெழுத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் நம்பியிருக்கும் 2011-ம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. அதற்காக உடனே எந்த லேப்டாப்பும் நின்றுவிடாது. ஆனால் புதிய சான்றிதழ் சேராத மெஷினுக்கு, தொடக்க நிரல்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போகும்.

ஆகவே அப்டேட் வேண்டும். இங்கேதான் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வரும். பயாஸ் அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போனால் எட்டுக்கால் சிப்பில் பாதி புதியது, பாதி வெறுமை. அதைத் தடுக்க ஒரு வழக்கமான விதி உண்டு: பேட்டரி குறிப்பிட்ட அளவு இருந்து, சார்ஜரும் செருகியிருந்தால்தான் அப்டேட் தொடங்கும். டிசைன் கூட்டத்தில் அந்த விதி சரியாகவே தோன்றும். ஆனால் 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்கள் முதல் இன்றுவரை, நம் வீடுகளில் பழைய லேப்டாப் எப்படி வாழ்கிறது என்று எனக்குத் தெரியும். வெயிலில் பேட்டரி உப்பியோ ஓய்ந்தோ போயிருக்கும். கழற்றிவிட்டு, சார்ஜரைச் செருகியபடியே வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். கரண்ட் போனால் லேப்டாப்பும் போகும். பேட்டரி விதியைக் கறாராக வைத்தால் இந்த வீடுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் என்றைக்குமே போகாது. தளர்த்தினால் ஒரு மின்வெட்டில் ஒரு பிள்ளையின் ஒரே லேப்டாப் செங்கல்லாகிவிடும்.

நாங்கள் எடுத்த வழி, சிப்பில் இரண்டு பிரதிகள். ஒன்றை அழித்து எழுதும்போது மற்றது அப்படியே இருக்கும். புதியது முழுதாக, சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே அதற்கு மாறும். எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதால், மின்சாரத்தை வெட்டிப் பார்க்க ஒரு கருவி செய்தோம். சாதாரண ரிலே, அதை ஓட்ட ஒரு சிறிய போர்டு. பேட்டரி கழற்றிய லேப்டாப், அப்டேட் தொடங்கும், யாரும் எதிர்பாராத ஏதோ ஒரு கணத்தில் ரிலே டக்கென்று வெட்டும். பத்து நொடி கழித்துத் திரும்பக் கொடுக்கும். எழுந்ததா என்று குறித்துக்கொள்ளும். மறுபடி. ஆயிரம் தடவை என்று இலக்கு.

613-வது தடவையில் எழவில்லை. கவ்வியைப் போட்டுச் சிப்பைப் படித்தேன். இரண்டு பிரதிகளும் நன்றாக இருந்தன. எந்தப் பிரதி செல்லும் என்று சொல்லும் ஒரு சிறிய குறிதான் கெட்டிருந்தது. ஃப்ளாஷ் சிப்பில் 4 கே.பி. பகுதியை அழிக்கச் சில பத்து மில்லி நொடிகள் ஆகும். அந்த இடைவெளியின் நடுவில் மின்சாரம் போனால் பிட்கள் முழுதாக அழியாமல் அரைகுறையாக நிற்கும். ஒருமுறை படித்தால் 1 என்னும், மறுமுறை 0 என்னும். நான் படித்தபோதே இரண்டு விதமாக வந்தது. சரிபார்க்கும் நிரல் முதலில் படித்தபோது ஒன்றையும், உறுதி செய்யப் படித்தபோது வேறொன்றையும் பார்த்து, எதை நம்புவதென்று தெரியாமல் நின்றுவிட்டது.

குறியை இரண்டு தனித்தனிப் பகுதிகளில், ஒன்று முழுதாக முடிந்தபின் மற்றது என்று எழுதும்படி மாற்றினோம். ஒவ்வொன்றோடும் கூட்டுத்தொகைச் சோதனை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பழைய பிரதிக்கே போ, கேள்வி கேட்காதே. மாலை ஏழு மணிக்கு அந்த பில்டு தயாரானது. தம்பி சிப்பில் எழுதி, மூடியைத் திருகாமல் அப்படியே மேஜையில் வைத்தான்.

“அக்கா, 613-லேருந்து தொடரட்டுமா?”

“வேண்டாம். ஒண்ணுலேருந்து.”

விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தோம். கதவு மூடும்போது முதல் டக் கேட்டது.